'எக்டமி'யா, 'ஆட்டமி'யா? மெடிக்கல் ரிப்போர்ட்டில் இருக்கும் நீளமான வார்த்தைகளைப் படிப்பது எப்படி?

"அப்பாவுக்கு நேத்து ஆஞ்சியோ பண்ணியாச்சு."

சொந்தக்காரர் வீட்டிலிருந்து இப்படி ஒரு போன் வருகிறது. என்ன நடந்தது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாது. ஆஞ்சியோகிராம் என்றால், இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆஞ்சியோபிளாஸ்டி என்றால், அந்த அடைப்பை பலூன் வைத்து விரித்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஸ்டென்ட்டும் வைத்திருப்பார்கள். முதலாவது பரிசோதனை, இரண்டாவது சிகிச்சை. பில் வேறு, சாப்பிட வேண்டிய மாத்திரை வேறு. ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆனால் இந்த இரண்டு வார்த்தைக்கும் முன்பாதி ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க பின்பாதியில் இருக்கிறது. பேச்சில் நாம் வெட்டிப் போடுவதும் அந்தப் பின்பாதியைத்தான்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்கும் கன்சென்ட் ஃபார்ம்... எதை எடுத்தாலும் இந்த மாதிரி ரயில் பெட்டி வார்த்தைகள் வரிசைகட்டி நிற்கும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களும் இங்கே வந்து தடுமாறுவார்கள். காரணம், இவை இங்கிலீஷே இல்லை. பெரும்பாலானவை கிரேக்கம், கொஞ்சம் லத்தீன். ஐரோப்பிய மருத்துவத்தின் பழைய நூல்கள் அந்த மொழிகளில் இருந்ததால், பின்னால் வந்த டாக்டர்களும் புது நோய்க்கும் புது ஆபரேஷனுக்கும் அதே மொழித் துண்டுகளை ஒட்டியே பெயர் வைத்தார்கள். துண்டுகள் தெரிந்துவிட்டால் வார்த்தை தானாகப் பிரிந்து வரும். கடைசியில் ஒரே எழுத்துகள் வரும் வார்த்தைகளை ஒரு குடும்பமாக எடுத்துக்கொண்டால் வேலை இன்னும் சுலபம்.

பின்னால் இருந்து படியுங்கள்

பித்தப்பையில் கல் என்று அட்மிட் ஆனவரின் சம்மரியில் 'லேப்பராஸ்கோப்பிக் கோலிசிஸ்டெக்டமி' என்று இருக்கும். இரண்டாவது வார்த்தையில் மட்டும் 15 எழுத்துகள். கடைசியில் இருக்கும் 'எக்டமி' என்றால் வெட்டி வெளியே எடுப்பது. எதை? 'கோலி' என்றால் பித்தம், 'சிஸ்ட்' என்றால் பை. பித்தப்பையை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பித்தம் பிளஸ் பை. தமிழும் இதையேதான் செய்திருக்கிறது பாருங்கள். 'பித்தப்பை' நமக்குப் பயமுறுத்தும் வார்த்தையாகத் தெரியாததற்குக் காரணம், அதன் இரண்டு துண்டும் நமக்குத் தெரியும். 19-ம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்து, பாடப் புத்தகங்களையும் தமிழாக்கியதற்குப் பின்னால் இருந்த எளிய லாஜிக் இதுதான். கிரேக்கக் குழந்தைக்கு 'கோலிசிஸ்ட்' எப்படியோ, நமக்குப் பித்தப்பை அப்படி.

அதே 'கோலி'தான் கொலஸ்ட்ராலிலும் இருக்கிறது. 'மெலங்கோலி' என்று சோகத்துக்குச் சொல்கிறார்களே, அதிலும் இருக்கிறது. கறுப்புப் பித்தம் கூடினால் மனசு சோர்ந்துவிடும் என்று பழைய கிரேக்க வைத்தியர்கள் நம்பினார்கள். நம் ஊர் 'பித்துப் பிடித்தவன்' இதற்குத் தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி இருப்பது சுவாரஸ்யம்தான்.

ஒரே மாதிரி ஒலிக்கும் மூன்று ஆபரேஷன்கள்

எக்டமி, ஆட்டமி, ஆஸ்டமி. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

'எக்டமி' உறுப்பை அல்லது அதன் ஒரு பகுதியை எடுப்பது. 'ஆட்டமி' வெட்டித் திறப்பது மட்டும், எதையும் எடுத்தாக வேண்டும் என்று அர்த்தமில்லை. 'ஆஸ்டமி' ஒரு வாய் அமைப்பது. கிரேக்கத்தில் 'ஸ்டோமா' என்றால் வாய். இந்த மூன்றோடு 'ஸ்கோப்பி'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது பார்ப்பது, பெரும்பாலும் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது.

பெருங்குடலை வைத்தே பார்க்கலாம். கோலனாஸ்கோப்பி என்றால் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். கோலெக்டமி என்றால் குடலின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்துவிடுகிறார்கள். கோலாஸ்டமி என்றால் வயிற்றில் துளை போட்டு, குடலின் முனையை வெளியே கொண்டுவந்து, மலம் ஒரு பையில் சேரும்படி செய்கிறார்கள். சிலருக்கு அது சில மாதங்கள், சிலருக்கு வாழ்நாள் முழுக்க. மூன்றும் 'கோல்' என்றுதான் தொடங்குகின்றன. வராண்டாவில் நின்றுகொண்டு அவசரத்தில் கேட்கும் ஒருவர் காதில் மூன்றும் ஒன்றாகவே விழும்.

இது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம்.

1995-ல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், நாள்கணக்கில் நிற்காத மாதவிடாய் ரத்தப்போக்குக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார். கன்சென்ட் ஃபார்மில் அவர் கையெழுத்துப் போட்டது லேப்பராஸ்கோப்பிக்கு. தேவைப்பட்டால் லேப்பராட்டமி செய்யவேண்டி வரலாம் என்றும் அதில் இருந்தது. இப்போது நாம் பிரித்துப் படிக்கலாம். 'லேப்பரா' என்பது வயிற்றுப் பகுதி. ஸ்கோப்பி என்றால் பார்ப்பது, ஆட்டமி என்றால் திறப்பது. இரண்டிலும் 'எக்டமி' இல்லை. அதாவது, எதையும் எடுக்க அவர் சம்மதிக்கவில்லை.

அவர் மயக்க மருந்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கர்ப்பப்பை, இரண்டு சினைப்பைகள், கருக்குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். மருத்துவ மொழியில் சொன்னால், ஹிஸ்டரெக்டமியும் பைலேட்டரல் சால்பிங்கோ-ஊஃபரெக்டமியும். விழித்துப் பார்த்தவருக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம், சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது. நோயாளி வயது வந்தவர், சுயநினைவு திரும்பியதும் அவரிடமே கேட்டிருக்கலாம், உயிர் போகும் அவசரமும் இல்லை. அதனால் அம்மாவின் கையெழுத்து செல்லாது. ஆபரேஷனுக்கான ஃபீஸ் டாக்டருக்குக் கிடையாது, நோயாளிக்கு 25,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று உத்தரவானது. தொகை சின்னதுதான். ஆனால் இந்தியாவில் மருத்துவச் சம்மதம் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது.

இந்த வழக்கில் வரும் வார்த்தைகள் பல வீடுகளில் உள்ள ஃபைல்களிலும் இருக்கின்றன. "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்று சொல்லும் பெண்களில் பலருக்கு, சினைப்பையும் சேர்த்து எடுக்கப்பட்டதா என்பது தெரியாது. தெரிய வேண்டும். சினைப்பைதான் ஹார்மோன் சுரக்கும் இடம். மாதவிடாய் இயற்கையாக நிற்கும் வயதுக்கு முன்பே இரண்டையும் எடுத்துவிட்டால், ஹார்மோன் திடீரென்று நின்றுபோகும். எலும்பு தேய்வு, இதய நோய் ஆபத்து எல்லாம் சீக்கிரமே வரலாம், அதற்குத் தனியாகக் கவனிப்பு வேண்டும்.

ஹிஸ்டரெக்டமி என்றால் கர்ப்பப்பை மட்டும்தான். 'டோட்டல் ஹிஸ்டரெக்டமி' என்றால்? "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க" என்றுதான் நினைக்கத் தோன்றும். இல்லை. கர்ப்பப்பையோடு அதன் வாய்ப்பகுதியையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். சினைப்பை போனதா இல்லையா என்பது அடுத்த வார்த்தையில், அந்த 'ஊஃபரெக்டமி'யில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் 'பைலேட்டரல்' என்றால் இரண்டு பக்கமும், 'யூனிலேட்டரல்' என்றால் ஒரு பக்கம். 'சால்பிங்க்ஸ்' கிரேக்கத்தில் ஊதுகொம்பு. கருக்குழாய் பார்க்க அப்படித்தான் இருக்கும் என்பதால் வந்த பெயர்.

'ஐட்டிஸ்' எல்லாம் இன்ஃபெக்ஷன் இல்லை

ஆர்த்ரைட்டிஸ், கேஸ்ட்ரைட்டிஸ், டான்சிலைட்டிஸ், ஹெப்படைட்டிஸ். இந்தக் குடும்பத்துக்குத் தமிழில் 'அழற்சி' என்று சொல்கிறோம். அழல் என்றால் தீ. அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது கஷ்டம். கிரேக்கத்தில் 'ஐட்டிஸ்' என்பதற்கு முதலில் இவ்வளவு அர்த்தம் கிடையாது. 'மூட்டு சார்ந்த நோய்' என்று இரண்டு வார்த்தையாகச் சொல்லி வந்ததில் 'நோய்' உதிர்ந்துபோய், 'சார்ந்த' என்ற வால் மட்டும் தங்கிவிட்டது.

'அப்பெண்டிசைட்டிஸ்' இன்று பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ஆனால் அந்த வார்த்தை பிறந்ததே 1886-ல்தான், பாஸ்டன் டாக்டர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் எழுதிய கட்டுரையில். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் முதல் பதிப்பில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. 1902 ஜூனில் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு அதே நோய் வந்து, முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆபரேஷன் செய்து, விழாவே ஆகஸ்ட்டுக்குத் தள்ளிப்போனது. அதன் பிறகு அந்த வார்த்தை தெரியாதவர் யார்?

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஐட்டிஸ் என்றால் அழற்சி, கிருமித் தொற்று என்று கட்டாயம் இல்லை. ஹெப்படைட்டிஸ் வைரஸாலும் வரும், மதுவாலும் வரும், சில மருந்துகளாலும் வரும். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் மூட்டைத் தாக்குகிறது. ரிப்போர்ட்டில் 'ஐட்டிஸ்' பார்த்ததும் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் கேட்பது தப்பு.

அடுத்த குழப்பம் கழுத்து வலிக்காரர்களுக்கு. ஐ.டி. வேலை, பைக், மொபைல் என்று ஏதோ ஒரு காரணத்தில் கழுத்து பிடித்துக்கொண்ட எல்லோரும் "எனக்கு ஸ்பாண்டிலைட்டிஸ்" என்பார்கள். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால், பல நேரம் அதில் இருப்பது 'ஸ்பாண்டிலோசிஸ்'. 'ஓசிஸ்' என்றால் ஒரு நிலை அல்லது மாற்றம். ஸ்பாண்டிலோசிஸ் வயதாக ஆக முதுகெலும்பில் வரும் தேய்மானம். ஸ்பாண்டிலைட்டிஸ் முதுகெலும்பில் அழற்சி. அதில் 'ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' என்ற வகை பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்கும், சிகிச்சையும் வேறு. 'ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ்' என்று இன்னும் நீளமாக இருந்தால், ஒரு முள்ளெலும்பு அடுத்ததன் மேல் வழுக்கி நகர்ந்திருக்கிறது. மூன்றுக்கும் தலைப்பகுதி 'ஸ்பாண்டிலோ', அதாவது முதுகெலும்பு. நோயைச் சொல்வது வால்தான்.

'ஓமா' என்றாலே கேன்சரா?

ரிப்போர்ட்டைக் கூகுளில் தேடி ராத்திரித் தூக்கத்தைத் தொலைப்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் குடும்பத்தில்தான் மாட்டுவார்கள். 'ஓமா' என்றால் கட்டி அல்லது வீக்கம். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. லைப்போமா தோலுக்கடியில் உருளும் கொழுப்புக் கட்டி. ஹீமட்டோமா ரத்தக்கட்டு, அடிபட்டால்கூட வரும். கிளாக்கோமா கட்டியே இல்லை, கண் நரம்பு பாதிக்கப்படும் நோய். ஆனால் கார்சினோமா, சார்க்கோமா, லிம்ஃபோமா, மெலனோமா, மைலோமா ஆகியவை புற்றுநோய்கள்.

கர்ப்பப்பையில் வரும் சாதாரண நார்க்கட்டிக்கு பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'லியோமயோமா' என்று எழுதுவார்கள். மென்மையான, தசை, கட்டி என்று மூன்று துண்டு. புற்றுநோய் இல்லை. அதே வார்த்தைக்கு நடுவில் 'சார்க்' நுழைந்து 'லியோமயோசார்க்கோமா' ஆனால், அது புற்றுநோய். 'சார்க்' என்றால் சதை. 'கார்சின்' என்றால் நண்டு. கட்டியும் அதைச் சுற்றிப் படரும் ரத்தக்குழாய்களும் நண்டும் அதன் கால்களும் போலத் தெரிந்ததால் கிரேக்கர்கள் வைத்த பெயர் என்பார்கள். இங்கிலீஷ் ராசிபலனில் கடக ராசிக்கு 'கேன்சர்' என்று இருப்பதும் அந்த நண்டால்தான்.

முன்னால் இருக்கும் ஓரிரு எழுத்து

இதுவரை வாலைப் பார்த்தோம். தலையிலும் ஒரு ஜோடி இருக்கிறது. 'ஹைப்பர்' என்றால் அதிகம், 'ஹைப்போ' என்றால் குறைவு. சொல்லும்போது கடைசி ஓசை மட்டும்தான் மாறுகிறது, அர்த்தமோ தலைகீழ்.

"எனக்கு தைராய்டு இருக்கு" என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்வார்கள். தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கிறது! பிரச்னை ஹைப்போவா ஹைப்பரா? ஹைப்போ என்றால் சுரப்பு போதவில்லை, தைராக்ஸின் மாத்திரை. ஹைப்பர் என்றால் சுரப்பு அதிகம், அதைக் குறைக்க மருந்து. தோழிக்கு நல்லா கேட்டுச்சு என்று அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த ஜோடி அதிகம் சேர்ந்து வருவது 'ஈமியா'வோடு. 'ஈமியா' என்றால் ரத்தத்தில். ஹைப்போகிளைசீமியா: குறைவு, சர்க்கரை, ரத்தத்தில். பொதுவாக 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இந்தப் பெயர். வியர்த்து, கை நடுங்கும், உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். ஹைப்பர்கிளைசீமியா என்றால் கொடுக்கவே கூடாது. சிறுநீரக நோயாளிகளின் ரிப்போர்ட்டில் 'ஹைப்பர்கலீமியா' வரும், நடுவில் இருக்கும் 'கல்' பொட்டாசியம். இளநீர் வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்வது இதனால்தான்.

மீதி வால்கள் சுலபம். 'யூரியா' என்று முடிந்தால் சிறுநீரில் ஏதோ இருக்கிறது, ஹீமட்யூரியா ரத்தம், புரோட்டீன்யூரியா புரதம். 'மெகலி' என்றால் பெரிதாகியிருக்கிறது, 18 எழுத்து 'ஹெப்பட்டோஸ்பிளினோமெகலி' கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருப்பது. 'லிதையாசிஸ்' என்றால் கல். ஸ்கேனில் 'நெஃப்ரோலிதையாசிஸ்' என்று பார்த்துப் பதறுபவர்கள், "கிட்னியில கல்" என்று சொன்னால் அவ்வளவு பதற மாட்டார்கள். 'ஆல்ஜியா' என்றால் வலி, மயால்ஜியா தசைவலி. 'நாஸ்டால்ஜியா'வும் இந்தக் குடும்பம்தான். 'வீடு திரும்புதல்' என்ற கிரேக்கச் சொல்லோடு வலியைச் சேர்த்து, 1688-ல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் உருவாக்கிய வார்த்தை. ஊர் ஏக்கத்தை அவர் ஒரு நோயாகவே வர்ணித்தார்.

45 எழுத்து வார்த்தை

இவ்வளவு தெரிந்த பிறகு, இங்கிலீஷ் அகராதிகளில் இருக்கும் மிக நீளமான வார்த்தையை எடுத்துக்கொள்ளலாம். நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோப்பிக்சிலிக்கோவால்கனோகோனியோசிஸ். மொத்தம் 45 எழுத்துகள். கடைசியில் இருந்து வாருங்கள். ஓசிஸ், நிலை. கோனி, தூசி. வால்கனோ, எரிமலை. சிலிக்கோ, சிலிக்கா. அல்ட்ராமைக்ரோஸ்கோப்பிக், மிக மிக நுண்ணிய. நியூமோனோ, நுரையீரல். எரிமலையிலிருந்து வரும் நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய்.

எந்த டாக்டரும் இதை எழுத மாட்டார். 1935-ல் அமெரிக்காவின் தேசியப் புதிர்ப் பிரியர்கள் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், மிக நீளமான வார்த்தை ஒன்று வேண்டும் என்பதற்காகவே உருவாக்கியது இது. செய்தித்தாளில் வந்து, அப்படியே அகராதிக்குள்ளும் ஏறிவிட்டது. சிலிக்கா தூசியால் வரும் நோய்க்கு டாக்டர்கள் எழுதுவது 'சிலிக்கோசிஸ்'. கல்குவாரியிலும் கல் உடைக்கும் பட்டறைகளிலும் வேலை பார்ப்பவர்களின் நுரையீரலைக் கெடுக்கும் அந்த நோய் மட்டும் புதிர் இல்லை, நிஜம்.

விளையாட்டுக்காக இல்லாமல், நிஜமாகவே செய்யப்படும் பரிசோதனையிலும் 26 எழுத்து வார்த்தை ஒன்று உண்டு: ஈசோஃபேகோகேஸ்ட்ரோடியோடினோஸ்கோப்பி. உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல், பார்த்தல். நாம் "எண்டோஸ்கோப்பி" என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அதுவேதான். நடுவில் இருக்கும் 'டியோடினம்' லத்தீனில் பன்னிரண்டைக் குறிக்கும். அந்தக் குடல் துண்டு 12 விரல் அகல நீளம் என்று பழைய மருத்துவர்கள் அளந்து வைத்த பெயர்.

நீளத்தைவிடக் குட்டை ஆபத்து

சொல்லப்போனால், நீளமான வார்த்தை நல்லது. உடைத்துப் பார்த்தால் எதையாவது சொல்லும். மூன்று நான்கு எழுத்துச் சுருக்கங்கள்தான் வாயைத் திறக்காது. 'டி.ஏ.ஹெச். வித் பி.எஸ்.ஓ.' என்று ஒரு வரியில் எழுதியிருப்பதற்குள், வயிற்றைத் திறந்து செய்த டோட்டல் ஹிஸ்டரெக்டமியும், இரண்டு பக்கக் கருக்குழாய், சினைப்பை நீக்கமும் ஒளிந்திருக்கின்றன. அந்த மூன்றெழுத்து 'பி.எஸ்.ஓ.' இருக்கிறதா இல்லையா என்பதில்தான் அந்தப் பெண்ணுக்கு இனி சினைப்பை இருக்கிறதா என்பது இருக்கிறது. "இதோட முழு வார்த்தை என்ன டாக்டர்? எழுதிக் கொடுங்க" என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நர்ஸிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

கேட்காமல் காதில் விழுந்ததை வைத்து மட்டும் முடிவு செய்தால் வேடிக்கையும் நடக்கும். இதய பைபாஸ் ஆபரேஷனின் சுருக்கம் சி.ஏ.பி.ஜி. ஆஸ்பத்திரிக்குள் அதை நான்கு எழுத்தாகச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. "பெட் நம்பர் 6, நாளைக்குக் கேபேஜ்" என்று டாக்டர்கள் பேசிக்கொண்டு போனால், அது கேன்டீன் மெனு இல்லை.